கூட்டாமல் விட்ட மூலை

பறவைகள் வருகிற மாதிரி தோட்டம் போட வேண்டும், என்ன செடி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் வாசல் கூட்டுவது யார்? கேலிக்குக் கேட்கவில்லை. செடி எந்த நர்சரியிலும் கிடைக்கும். விளக்குமாறு பிடித்த கையை ஒரு மூலையில் நிறுத்திவைப்பதுதான் பெரும்பாடு. சருகு, ஒட்டடை, புழு, பட்டுப்போன கிளை, முள் என்று பறவைக்கு வேண்டியது அத்தனையும் நாம் குப்பை என்று அள்ளிக் கொட்டுகிறவை.

எங்கள் வீடு கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் போகிற வழியில், ஐந்து சென்ட் மனையில் இருக்கிறது. வீடு போக மிச்சம் இரண்டரை சென்ட் தேறும். முன்பு சோளக்காடும் தென்னந்தோப்புமாக இருந்த இடம், இப்போது மனைப்பிரிவு. வீடு கட்டி முடித்ததும் தோட்டம் அமைத்துத் தருகிறவர் ஒருவர் வந்து அளந்து பார்த்துவிட்டு அழகாக ஒரு படம் வரைந்து கொடுத்தார். முன்பக்கம் முழுக்க மெக்சிகன் புல், ஓரத்தில் ஃபாக்ஸ்டெயில் பனை, மதிலை மறைக்கக் கோனோகார்பஸ் வரிசை, நடுநடுவே உருண்டையாக வெட்டிவிடும் புதர்கள். "பூச்சியே அண்டாதுங்க, இலையும் கொட்டாது" என்றார். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அங்கேதான் மனசு விட்டுப்போனது. பூச்சி அண்டாத செடியில் குருவிக்கு என்ன வேலை? கோனோகார்பஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதன் மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது, வேர் நிலத்தடிக் குழாய்களைப் பதம்பார்க்கிறது என்று சொல்லி 2023-இல் குஜராத் அரசு அதை நடவே கூடாது என்று தடைபோட்டது. நம் ஊர் நர்சரிகளில் அது அப்போதும் அடுக்கடுக்காக நின்றுகொண்டுதான் இருந்தது.

பறவைத் தோட்டம் என்றதும் எல்லோருக்கும் பழமும் தானியமும்தான் ஞாபகம் வரும். பெரிய பறவைக்கு அது சரி. குஞ்சுக்கு வேண்டியது புழு. கம்பும் நெல்லும் தின்று வளர்வதாக நாம் நினைக்கிற சிட்டுக்குருவிகூட முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியும் புழுவும்தான். பூவிலேயே குடியிருக்கிற தேன்சிட்டும் குஞ்சு பொரித்துவிட்டால் சிலந்தியையும் சின்னப் பூச்சிகளையும் கொத்திக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் சிக்கடீ என்று ஒரு சிட்டு இருக்கிறது, பத்து கிராம் சுமாருக்குத்தான் எடை. ஒரே ஒரு ஈட்டுக் குஞ்சுகளைப் பறக்கவிடும் வரை அந்த ஜோடிக்கு 6,000 முதல் 9,000 புழு வரை தேவைப்படுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் இதே சிட்டை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. அந்த மண்ணுக்குரிய மரஞ்செடிகள் பத்தில் ஏழு பங்குக்குக் கீழே போன தோட்டங்களில், இருக்கிற எண்ணிக்கையைத் தக்கவைக்கிற அளவுக்கு அவற்றால் குஞ்சு வளர்க்க முடியவில்லை. வெளியூர்ச் செடியின் இலையை உள்ளூர்ப் புழு பெரும்பாலும் தின்னாது, புழு இல்லாவிட்டால் குஞ்சு இல்லை, கணக்கு அவ்வளவுதான். அந்த எழுபது சதவீதம் கோவைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. கணக்கு போகிற திசை இங்கும் அதுதான்.

அதனால் எங்கள் வீட்டில் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் புழு வந்தால் மருந்து அடிப்பதில்லை. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே கிடந்து ஏமாற்றும், வளர்ந்ததும் பச்சையாகப் பருத்துவிடும், அந்தப் புழுவைத்தான் சொல்கிறேன். கன்றாக இருக்கும்போது வந்தால் மட்டும் பாதியைக் கையால் எடுத்துப் பக்கத்திலிருக்கும் பெரிய மரத்துக்கு மாற்றிவிடுவேன். முருங்கையில் வருகிற கம்பளிப்பூச்சி வேறு கதை. அந்த மயிரைப் பார்த்து மற்ற பறவைகள் ஒதுங்கிப் போகும். குயில் இனத்துக்குத்தான் அதைத் தின்னும் தைரியம் உண்டு. அப்படியும் மரம் முழுக்க அப்பிக்கொண்டால் குழந்தைகள் உள்ள வீட்டில் பொறுத்துக்கொள்ள முடியாது. என் மாமியார் பந்தம் கொளுத்திக் காட்டிவிடுவார். நான் தடுத்ததில்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தோட்டத்தைப் பற்றி எழுத முடியாது. அவர் பிறந்து வளர்ந்தது காங்கேயம் பக்கம், கொறங்காட்டு ஊர். கொறங்காடு என்றால் மழையை நம்பி விடப்பட்ட மேய்ச்சல் நிலம். கீழே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்தது இந்தக் காடுகளில்தான். கம்பிவேலி கிடையாது, சுவர் கிடையாது. கிளுவைப் போத்தை, அதாவது கிளைத்துண்டை, வெட்டி நெருக்கி நட்டுவிட்டால் அது வேர் பிடித்து, முள் வைத்து, ஆள் நுழைய முடியாத அளவுக்கு இறுகிவிடும். அந்த வேலிக்குள் கோவைக்கொடி ஏறும், சங்கமுள் முளைக்கும், அடியில் கௌதாரி ஓடும்.

மதிலுக்கு உள்பக்கம் என்ன வைக்கலாம் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "கிளுவப் போத்து நாலு கொண்டாந்து நட்டுப்போட்டு உன் வேலயப் பாரு கண்ணு" என்றார். நாலு என்றது வாய்வார்த்தைக்கு. ஊரிலிருந்து ஒரு கட்டு வந்து இறங்கியது. கோடைமழைக்கு முன்னால் பின்பக்க மதிலோரம் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றினோம். கோடையில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும்போது வருகிறவர்கள் செத்த செடியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒரு மழை விழுந்தால் பச்சை பிடித்துவிடும்.

நகரத்துத் தோட்டங்களில் எனக்குத் தெரிந்து மிகப்பெரிய குறை இந்த முள்வேலி இல்லாததுதான். உயரத்துக்கு மரம் இருக்கிறது, தரைக்குப் புல் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. சின்னான், புள்ளிப்புறா, தவிட்டுக்குருவி போன்றவை கூடு கட்ட நினைப்பது பெரும்பாலும் அந்த நடு உயரத்தில்தான், நம் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஓரிரு அடி வரை. பூனையும் காக்கையும் எட்டிப்பார்க்க முடியாத அடர்த்தி அங்கே இருந்தால் வரும். எங்கள் கிளுவைக்குள் வெண்புருவச் சின்னான் ஒன்று இருக்கிறது. அது ஆளுக்கு முகம் காட்டாது. சட்டிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி கடகடவென்று ஒரு சத்தம் வேலிக்குள்ளிருந்து வரும், அவ்வளவுதான். கிளுவை கிடைக்காதவர்கள் மருதாணியை வெட்டாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. அதுவும் முள் வைக்கும், பூவுக்குப் பூச்சி வரும், காயும் வைக்கும்.

அப்புறம், என்ன செடி வைக்கலாம் என்ற கேள்வி. இதற்கு என்னைவிட நல்ல ஆள் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. மின்கம்பிக்கு நேர் கீழே, பழைய மதிலோரம், கேட்பாரற்ற மனையில் என்னென்ன தானாக முளைத்திருக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் தெருவில் வேம்பு, கறிவேப்பிலை, கோவைக்கொடி, சூரை, நுணா, பப்பாளி, ஒரு இடத்தில் சந்தனம்கூட இருக்கிறது. யாரும் நட்டதில்லை. பழத்தைத் தின்ற குயிலும் சின்னானும் மைனாவும் கம்பியில் உட்கார்ந்து கொட்டையை விட்டுப்போனவை. அந்த ஊர்ப் பறவை அந்த ஊரில் எதைத் தின்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். எங்கள் தோட்டத்தில் பாதிச் செடி இப்படி வந்ததுதான். வேண்டாத இடத்தில் வந்ததைப் பிடுங்குவேன், வேண்டிய இடத்தில் வந்ததைச் சுற்றி மூன்று கல்லை வைத்துவிடுவேன், கூட்டுகிறவருக்கு அது அடையாளம்.

இந்தப் பட்டியலில் கறிவேப்பிலைக்குத் தனி மரியாதை தர வேண்டும். நாம் இலைக்காக அதன் தலையைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் பூக்க விடுவதே இல்லை. ஒரு மரத்தைத் தாளிப்புக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை அதன் போக்கில் விட்டுப்பாருங்கள். கொத்துக்கொத்தாகக் காய்த்துச் சிவந்து, பிறகு கறுக்கும். கறுக்கத் தொடங்கிய வாரத்தில் சின்னான்கள் காலையிலேயே வந்துவிடும், நேரம் ஆக ஆகப் பெண் குயில் வரும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இருக்கிற அதைப் பார்த்து இது என்ன பறவை என்று கேட்பவர்கள் அநேகம். கறுப்பாகக் கூவுவது ஆண், புள்ளி போட்டது பெண்.

வேம்பு ஒன்று இருந்தால் ஆனி, ஆடியில் பழத்துக்கு ஒரு கூட்டம் நிச்சயம். ஆல், அரசு, அத்தி மூன்றும் பறவைக்கு விருந்துதான், ஆனால் ஐந்து சென்ட் மனையில் வைக்கிற மரங்கள் இல்லை. கோயில் நிலத்திலோ குளக்கரையிலோ இடம் கிடைத்தால் வையுங்கள், வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். தேன்பழ மரம் நம் நாட்டு மரம் கிடையாது, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஆனாலும் ஒன்று வைத்திருக்கிறேன். சீக்கிரமே காய்ப்புக்கு வந்துவிடும், வருடம் முழுக்கப் பழம் இருக்கும், மலர்கொத்தி, சின்னான், குக்குறுவான் எல்லாம் பகலில் தின்று முடித்தபின் இரவில் வௌவால் வந்து மிச்சத்தைத் தின்னும். நாட்டுச் செடி என்பதை நான் மதம்போலப் பிடித்துக்கொள்வதில்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பு: உண்ணிச்செடி. பூ கலர்கலராக இருக்கும், சின்னானுக்கும் அதன் பழம் உயிர். 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்த அந்தச் செடிதான் இன்று நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தை மூடிக்கொண்டு கிடக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கிற எங்களைப்போன்றவர்கள் வீட்டில் வைத்தால் சின்னானே அதைக் காட்டுக்குள் விதைத்துவிடும்.

தேன்சிட்டுக்கு என்று நான் எதையும் தனியாக வைக்கவில்லை. ஒற்றை அடுக்கு நாட்டுச் செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை, முருங்கை, ஆடாதோடை இருந்தாலே போதும், வந்துவிடும். அடுக்குச் செம்பருத்தி சாமிக்கு வைக்க நன்றாயிருக்கும், தேன்சிட்டுக்கு ஒற்றைதான் தோது. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் குப்பி கடையில் விற்கிறார்கள். நம் வெயிலுக்கு அது அரை நாளில் நுரைத்துப் புளித்துவிடும். வேண்டாம்.

தேன்சிட்டு கேட்பது வேறொன்று, அது ஒட்டடை. முன்வராந்தாவில் துணி காயப்போடுகிற கம்பியின் நுனியில் ஒருமுறை ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்ட ஆரம்பித்தது. கட்டியதெல்லாம் பெண்தான். ஆண் பக்கத்துச் செடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும், ஒரு நாரைக்கூடத் தூக்கி நான் பார்க்கவில்லை. அலகால் சிலந்திவலையை இழுத்துச் சுருட்டி எடுத்துவரும். முதலில் கம்பியில் நாலு சுற்று. அது பிடித்துக்கொண்டதும் கீழ்நோக்கி ஒரு தொங்கல். பிறகு புல் நார், மரப்பட்டைத் துணுக்கு, சருகுத் துண்டு, புழுவின் எச்சம், சிலந்தியின் முட்டைப்பை என்று கிடைத்ததையெல்லாம் அந்த வலையில் ஒட்டும். ஓரளவு திரண்டதும் உள்ளே புகுந்துகொண்டு நெஞ்சால் அழுத்தி அழுத்திச் சுழலும்; பை உள்ளிருந்தே உருண்டு வரும். வாசல் பக்கவாட்டில், அதற்கு மேல் மழை விழாமல் சின்னதாக ஒரு தாழ்வாரம். அடியில் வால் மாதிரி கொஞ்சம் குப்பை தொங்கும். ஒட்டடையில் சிக்கிய சருகு என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அதுதான் அதன் காவல். அதுவே அதற்கு எமன், ஏனென்றால் பார்த்தவுடன் ஒட்டடைக்குச்சியால் இழுத்துவிடத் தோன்றுகிற விதமாகவே அது இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு சுத்தம் செய்யும்போது எத்தனை கூடுகள் இப்படிக் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும். இப்போது வராந்தாவின் மேல்மூலைகளில் எங்கள் வீட்டில் ஒட்டடை அடிப்பதில்லை. விருந்தாளி வந்தால் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். அவர்கள் மனதில் என்னைப் பற்றி என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும்.

தையல்சிட்டுக்கும் அதே நூல்தான். அகலமான இலையாகப் பார்த்து, விளிம்பில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ உள்ளே விட்டு இழுக்கும். வெளியே வந்த நுனி பிசிறிக்கொண்டு முடிச்சு மாதிரி நின்றுவிடும். எங்களிடம் அது நாரத்தை இலையில் கட்டியது. ஊறுகாய்க்குக் காய் பறிக்கப் போன மாமியார்தான் முதலில் பார்த்தார். அந்தப் பக்கத்துக் காயைக் கடைசிவரை அவர் பறிக்கவில்லை.

சருகுக்கு வருகிறேன். பின்பக்கம், கிளுவைக்கும் வேம்புக்கும் இடையில், நான்கடி அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கிறது. அங்கே விளக்குமாறு போகாது. முன்வாசலில் கூட்டிய சருகும் அங்கேதான் வந்து விழும். மேலே காய்ந்து கிடந்தாலும் கையால் விலக்கினால் அடியில் ஈரம் இருக்கும், கரையான், மண்புழு, மரவட்டை, பேர் தெரியாத வண்டு எல்லாம் நெளியும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிப் போட்டுச் சண்டை பிடிப்பது தினசரிக் காட்சி. ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. விடியற்காலையும் அந்தியும் ஆறு மணி சுமாருக்கு இரட்டை விசில் அடிக்கும். அது இறங்கி நடக்கச் சருகுத் தரை வேண்டும். மெக்சிகன் புல்லில் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

இந்தப் பறவை வந்து சேருகிற நாட்களில் இரவில் வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்குள் நுழைந்துவிடுவதும், ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் வழக்கம். உங்கள் வீட்டில் அப்படிக் கிடந்தால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாயில் போய்விடும். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் ஒரு துணியை விரித்து, மெதுவாக வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தெளிந்ததும் உள்ளே படபடக்கும். பகலென்றால் செடி அடர்ந்த இடமாகப் பார்த்துத் திறந்துவிடலாம். இரவென்றால் விடியட்டும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

சருகு என்றதும் தெருவில் முதலில் வந்த கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். "ஏனுங்க, இப்படிச் சருகப் போட்டு வெச்சிருந்தா பாம்பு வராதுங்களா?" வராது என்று நான் பொய் சொல்லவில்லை. இது தோட்டங்களும் காலி மனைகளும் சூழ்ந்த பகுதி, பாம்பு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதை வீட்டுப் பக்கம் இழுப்பது சருகைவிட எலிதான். எலியை இழுப்பது சிந்திய தானியமும் திறந்த குப்பைத்தொட்டியும். அதனால் எங்களிடம் சில ஒழுங்குகள் உண்டு. சருகுப் பட்டை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளித்தான் இருக்கும். நடக்கிற பாதை, வாசற்படி, துணி துவைக்கிற இடம் மூன்றும் பளிச்சென்று கூட்டியிருக்கும். செங்கல், ஓடு, விறகு எதையும் குவித்துவைப்பதில்லை. இரவில் பின்பக்கம் போனால் டார்ச் இல்லாமல் போவதில்லை. எலிக்கு விஷம் வைப்பதும் இல்லை, விஷம் தின்ற எலியைப் பிடிக்கிற ஆந்தையும் சேர்ந்து சாகும். கேட்டவர் இன்னும் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அவர் வீட்டுச் சருகையும் இப்போது எரிக்காமல் எங்களிடம்தான் தருகிறார்.

தண்ணீர் வைப்பதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், வழுக்காத மண்தட்டு, நடுவில் ஒரு கல். எவர்சில்வர் தட்டு வைத்தால் சித்திரை வெயிலில் தண்ணீர் கொதிக்கும். ஒன்றைத் தரையிலும் ஒன்றை இடுப்பு உயரத்திலும் வைத்தால் இரண்டு விதமான ஆட்களும் வருவார்கள். புதரை ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கும். சுற்றி ஆறடி வெட்டவெளி இருக்கட்டும். கொசு முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் தினம் கவிழ்த்துத் தேய்த்து ஊற்றினால் டெங்கு பயம் வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் ஒன்றைத் தட்டுக்கு மேலே கட்டிச் சொட்டுச் சொட்டாக விழ விட்டுப்பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே ஆள் கூடும்.

தானியம் போடுவதில் எனக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. மொட்டைமாடியில் தினம் ஒரு கிலோ அரிசி இறைப்பவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனசுதான். ஆனால் அங்கே வருவது மாடப்புறா, காக்கை, மைனா மூன்றும்தான். ஏற்கெனவே ஊரில் பெருகியிருப்பவை இன்னும் பெருகி, சின்னதுகளை விரட்டும். நாங்கள் ஒரு மூலையில் கம்பும் தினையும் விதைத்து, அறுக்காமல் விட்டுவிடுகிறோம். புள்ளிச்சில்லை என்கிற சின்னக் குருவி கதிர்மேல் தொங்கிக்கொண்டு உருவித் தின்னும். கொஞ்சம் கதிரை அறுத்து வராந்தாவில் கட்டித் தொங்கவிட்டால் சிட்டுக்குருவிக்கு. அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கிற சோறு அதுபாட்டுக்கு நடக்கிறது, அதில் நான் தலையிடுவதில்லை. காக்கை கூடு வேண்டாம் என்று விரட்டினால் குயிலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம், அது முட்டையிடுவது அங்கேதானே.

சிட்டுக்குருவியே அழிந்துவிட்டது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. கோபுரத்துக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக நிரூபணம் எதுவும் இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வந்த அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொன்னது. ஓட்டுவீட்டுச் சந்து போய்விட்டது, மளிகைக்கடையில் சிந்துகிற மூட்டை போய்ப் பாக்கெட் வந்துவிட்டது, புழு கிடைக்கிற புதர் போய்விட்டது. சந்துக்கு மட்டும் நாம் மாற்று தரலாம். மரப்பெட்டியின் துளை ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரைக்குள் இருக்கட்டும், அதற்குமேல் போனால் மைனா புகுந்துவிடும். எட்டடிக்கு மேல், மத்தியான வெயில் படாத பக்கம் மாட்டுங்கள். வாசலில் உட்காரக் குச்சி வைத்து விற்கிறார்கள். குருவிக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் வசதி. கூண்டில் பச்சைக்கிளி வைத்துக்கொண்டு பக்கத்தில் குருவிப்பெட்டி மாட்டியிருந்த ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். நம் கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மரத்திலேயே பொந்து வேண்டுமென்றால் பட்ட கிளையை விட்டுவைக்க வேண்டும். எங்கள் முருங்கையில் காய்ந்துபோன கிளை ஒன்றை, கீழே யாரும் நடமாடாத பக்கம் என்பதால் விட்டுவிட்டோம். முருங்கைக் கட்டை மெத்தென்று இருப்பதால் செம்மார்புக் குக்குறுவான் அதன் அடிப்பக்கத்தில் வட்டமாகக் குடைந்தது. தலையை உள்ளே விட்டு, வாய் நிறையத் தூள் எடுத்து, வெளியே எட்டிப்பார்த்து உதறும். காலையில் நாங்கள் காபி குடிக்கிற நேரம்தான் அதற்கும் வேலை நேரம். மற்ற கிளைகளை வெட்டுவதானால் மாசியிலிருந்து ஆடி வரைக்கும் கை வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் வெட்டுவதற்கு முன்னால் சற்று நேரம் உட்கார்ந்து பார்ப்போம். ஏதாவது ஒன்று வாயில் புழுவோடு அந்தப் பக்கம் போய்வந்தால் கத்தி அன்றைக்குத் திரும்பிவிடும்.

கண்ணாடி ஜன்னல் ஒரு தலைவலி. பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் பறவை பயந்து விலகும் என்பார்கள், விலகாது. வெளிப்பக்கமாக இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளியோ கோடோ கண்ணாடி முழுக்க இருந்தால்தான் அது தடை என்று அவற்றுக்குத் தெரியும். எங்கள் மகள் வெள்ளை மார்க்கரால் கோலப்புள்ளி வைத்திருக்கிறாள். ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் உருவத்தோடு சண்டைபோடுகிற தேன்சிட்டுக்கு ஒரு பழைய காலுறை போதும், கண்ணாடிக்கு மாட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. கிளுவை முள் பாதியைப் பார்த்துக்கொள்கிறது. மீதியைப் பூனை பார்த்துக்கொள்கிறது. மயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது முடியாது. இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேளுங்கள், தக்காளி நாற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

தோட்டத்துக்கு என்ன வருகிறது என்று குறித்துவைக்க விருப்பமுள்ளவர்களுக்குப் பொங்கல் நல்ல நாள். 2015-இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கிற இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். நிபுணராக இருக்க வேண்டியதில்லை, பெயர் தெரியாததை விட்டுவிடலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் மொட்டைமாடியில் கூடுவார்கள், பாதி நேரம் கரும்பு தின்பார்கள். அதில் ஒருவன், "காக்காவையும் எழுதணுமா அத்தை?" என்று சலிப்போடு கேட்டான். எழுதணும் கண்ணா, மாடப்புறாவையும் சேர்த்துத்தான்.